பஸ்ஸுக்குப் போன பாய்லர் சல்லடை

என் வீட்டு வெந்நீர் பாய்லரில் கரியைத் தாங்கும் இரும்பு அடிச்சல்லடையை என்னைக் கேட்காமல் கழற்றிப் போனவன் என் மைத்துனன்.

மூன்று நாளாகத் தண்ணீர் சுடவில்லை. சாம்பலை அள்ளினேன், புகைக்குழாயைக் குத்திப் பார்த்தேன், ஈரக்கரி என்று கடைக்காரரையும் திட்டினேன். விறகும் கிடைக்கவில்லை. பிள்ளை பெற்றுப் பத்து நாளான என் மகள் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் குளித்தாள். இன்று அவளுக்குக் குளிர்காய்ச்சல்.

காலையில் பாய்லரைக் கவிழ்த்தேன். சல்லடை இருந்த இடத்தில் ஓட்டை போட்ட தகர மூடி வளைந்து கிடந்தது. கரி அதில் நிற்காமல் சாம்பலில் விழுந்து அணைந்திருக்கிறது.

சாம்பல் தட்டித் தருகிறேன் என்று வந்தவன் மைத்துனன் ஒருவன்தான். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து அந்த வாயுவில் ஓடும் சிதம்பரம் பஸ்ஸுக்கு அவன் டிரைவர். கடலூர் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். பஸ்ஸின் பின்புற அடுப்பில் என் சல்லடை சிவந்துகொண்டிருந்தது.

"யுத்தம் முடியட்டும் மாமா, புதுசே வாங்கித் தரேன். நாப்பது பேரு நடுரோட்டுல நின்னா பரவால்லியா?"

"உன் அக்கா மவ நடுங்கிக்கிட்டு கெடக்குறாடா."

"மொதல்லியே சொல்லக்கூடாதா?"

"எடுத்தவன் நீ. சொல்ல வேண்டியவன் நானா?"

சாயங்காலம் வண்டி திரும்பியதும் அவனே கழற்றி, அவன் கையாலேயே என் பாய்லரில் பொருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பஸ் முதலாளி வேறு சல்லடை தேட வேண்டும். நாளை சிதம்பரம் போக இருந்தவர்கள் காத்திருக்க வேண்டும். கோபப்படுகிறவர்கள் முதலில் வந்து என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.