கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்ட அப்பா

உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும் என்ன நோய் என்று அப்பா முதலில் கேட்க மாட்டார். "கூட யாரு இருக்கா?" என்றுதான் கேட்பார். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிவிட்ட இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலரிடமும் ஒரு தடவையாவது அதைக் கேட்டிருப்பார்.

அப்பா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, அத்தை வீட்டில் வளர்ந்து, மத்திய அரசு வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்தார். வந்த புதிதில் மஞ்சள் காமாலை கண்டு ஆஸ்பத்திரியில் பத்து நாள் தனியாகக் கிடந்திருக்கிறார். தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட பாஷை தெரியவில்லையாம். அதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார்.

கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் இருப்பவரை நான் காக்கு என்று கூப்பிடுவேன். சித்தப்பாவை வங்காளத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் மனைவி காக்கிமாவுக்கு இதய வால்வில் கோளாறு என்று தெரிந்ததும், இங்கே பலரும் செய்வதுபோல வேலூருக்குக் கிளம்பினார்கள். இருவருக்கும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அப்பா லீவு போட்டுவிட்டு அவர்களோடு ரயிலேறினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தெருவில் யார் வேலூருக்குப் போனாலும் அப்பாவும் போவார். லாட்ஜில் அறை பிடிப்பார், நர்ஸிடம் பேசுவார், ஆபரேஷன் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்றபின் கேட்கவே வேண்டாம். சொந்த ஊருக்குப் போனதைவிட வேலூருக்குப் போனதுதான் அதிகம் என்று அம்மா கேலி செய்வார்.

நான் வேறு மாதிரி. கல்கத்தாவிலேயே லேக் கார்டன்ஸ் பகுதியில் குடியிருக்கிறேன். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன், எத்தனை அடி வைத்தேன் என்று கைக்கடிகாரம் சொல்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் வந்தால் அப்பா வடை சாப்பிடாமல் போக மாட்டார், நானும் திட்டாமல் விட மாட்டேன். உடம்பு என்றால் எனக்கு ரிப்போர்ட்தான்.

அம்மா போன அடுத்த வருடம் அப்பாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இந்த வயதில் ஆபத்தும் உண்டு, மாத்திரையிலேயே சில காலம் ஓட்டலாம், முடிவு உங்களுடையது என்றார் டாக்டர். நான் வேலூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பா வர மறுத்துவிட்டார்.

"தெருவையே கூட்டிட்டுப் போனீங்க. உங்களுக்குன்னா மட்டும் வர மாட்டீங்களா?" என்று கத்தினேன்.

"அவங்களுக்கு அங்க பாஷை தெரியாதும்மா, அதான் போனேன். எனக்கு இங்க எல்லாரையும் தெரியும். விட்டுட்டு எங்க போக?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். நீ சாப்பிட்டியா?"

என் வீட்டுக்காவது வாருங்கள் என்றேன். வந்து பன்னிரண்டு நாள் இருந்தார். உப்பில்லாத சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, ஒரு குறையும் வைக்கவில்லை. ரத்த அழுத்தம்கூட நன்றாகவே இருந்தது. அப்பாதான் நன்றாக இல்லை. நான் ஆபீஸ் போய் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தூக்கம் போயிற்று, பேச்சும் குறைந்தது. காக்கு பார்க்க வந்த அன்று மட்டும், என் உப்பில்லாக் கஞ்சியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று மாலையே அவரோடு பெஹாலாவுக்கு அனுப்பிவைத்தேன். கோபம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

அங்கே பதினான்கு மாதம் இருந்தார். காக்கிமா உப்பைக் குறைத்துச் சமைத்துக் கொடுத்தார். சாயங்காலம் தெருக்காரர்கள் கிளப் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றாகத் தூங்கினார். ஆபரேஷன் செய்திருந்தால் இன்னும் சில வருடம் கிடைத்திருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன்.

கடைசி நாள் காலையில், அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று காக்கு போன் செய்தார். நான் டாக்ஸியில் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காக்கு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடமும் தன்னிடம் வங்காளத்திலேயே பேசிய அப்பா கடைசியில் தமிழுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

"ரொம்ப நேரம் பேசினார்மா. எனக்கு ஒண்ணும் புரியல. கையைப் பிடிச்சுக்கிட்டு, டீக் ஆச்சே, டீக் ஆச்சேன்னு சொல்லிட்டே இருந்தேன். தப்பா?"

சரி, சரி என்று அதற்கு அர்த்தம். அப்பா என்ன சொன்னார் என்பது இனித் தெரியப்போவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அது போகாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓடி வந்த உறவினர்களுக்கும், சடங்குகளை முன்நின்று நடத்தித் தந்த தமிழ் நண்பர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த பெஹாலா தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

காக்குவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதை நானே போய் வாசித்து, வங்காளத்தில் சொல்ல வேண்டும். தப்பே இல்லை, காக்கு. அப்பா கடைசியாக எதைச் சொன்னாலும் நீங்கள் சரி என்றீர்கள். பக்கத்தில் நான் இருந்திருந்தால், எல்லாம் புரிந்திருக்கும். அப்போதும் அவரோடு வாதாடியிருப்பேன்.