முதலைப் பிள்ளையார்

மாமா செத்து முப்பத்தோராம் நாள், அவரின் அந்தியேட்டிக்கு வந்த சனம்கூட இந்தக் கதையைச் சொல்லித்தான் சிரித்தது. நானும் சிரித்தேன். அழுகை பிறகு, கோப்பை கழுவும்போது வந்தது.

எண்பதுகளில் நடந்தது. எனக்கு எட்டு வயது. பாரிசில் ரூ காய் என்ற தெருவில், ஒற்றை அறையில் நான், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா. அவர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை செய்தார். அங்கே ஒரு மதாம், சகாராப் பாலைவனத்துத் தேசியப் பூங்காவில் மான்களை எண்ணப் போய், கல்லும் மண்ணுமாகப் பெட்டி பெட்டியாய்க் கொண்டுவருவார். குப்பை வாளிக்குப் பக்கத்தில் கிடப்பதெல்லாம் கழித்தது என்பது துப்புரவுக்காரரின் சட்டம். அப்படிக் கிடந்த கல்லொன்றை மாமா தூக்கி வந்தார். உருண்டைக் கல், ஒரு நுனி மட்டும் வளைந்திருந்தது.

"கதவுக்கு முட்டுக் குடுக்க நல்ல கல்லு, அக்கா."

"விசரா! தும்பிக்கை தெரியேல்லையோ உனக்கு?"

அம்மா நல்லெண்ணெய் பூசி, சந்தனம், குங்குமம் வைத்துச் சாமித்தட்டில் ஏற்றிவிட்டார். விசாவுக்குக் காத்திருந்தவர்கள் மாடியேறி வந்து கும்பிட்டார்கள். கீழ்வீட்டு அன்ரிக்கு அந்தக் கிழமையே விசாக் கடதாசி கிடைத்தது. பிறகென்ன, மோதகமும் கற்பூரமும்தான். எனக்குத் தினமும் திருவிழா.

இரண்டாம் கிழமை மாமா முகம் வெளிறி வந்தார். கல் பெட்டியிலிருந்து உருண்டு விழுந்ததாம். மதாம் தேடுகிறாராம். கிடைக்காவிட்டால் துப்புரவுக்காரருக்கு வேலை இல்லையாம். அம்மா மறுபேச்சில்லாமல் பிள்ளையாரை இறக்கினார். ஆனால் கழுவ விடவில்லை.

"அபிசேகம் செய்தவரைச் சவுக்காரம் போட்டுத் தேய்க்கிறதோ?"

மாமாவுக்குப் பிரெஞ்சு ஓடாது. நான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன காலம் அது ஒன்றுதான். பிரெஞ்சில் பேச என்னையும் கூட்டிப் போனார்.

மதாம் கல்லைச் சுற்றியிருந்த துவாயைப் பிரித்து, குங்குமத்தைப் பார்த்தார். எண்ணெயை மணந்தும் பார்த்தார். இது எங்கள் கடவுள் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி விழுந்தது. பிறகு ஏதோ சொன்னார். அதை மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்ன பிள்ளை சொல்லுறா? வேலை போட்டுதோ?"

"இல்லை மாமா. இது முதலையின்ரை பீயாம்."

"எந்த முதலை?"

"பாலைவனத்திலை முந்தி ஆறு ஓடினதாம். அப்ப இருந்த முதலை. அது கல்லாப் போட்டுதாம். உள்ளுக்கை மீன் செதில் கிடக்காம்."

மாமா கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"ஊரிலை சாணியிலைதானே பிள்ளையார் பிடிக்கிறம். பாரிசிலை மாடு இல்லை, அவர் கிடைச்சதிலை வந்திட்டார் எண்டு சொல்லு."

சொன்னேன். மதாம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வேலை தப்பியது. கல்லோடு மாமாவை நிறுத்திப் படம் பிடிக்க வேண்டுமென்று கமராவை எடுத்தார். மாமா "மெர்சி, மெர்சி" என்று கும்பிட்டபடியே என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

மெத்ரோவில் அவர் முதலை மாதிரி வாயைப் பிளந்து காட்டினார். நான் சிரிக்கவில்லை. படத்தில் நானும் நின்றிருக்கலாமே என்ற கோபம். வேறொருவரின் படம் ஒட்டிய விசாக் கடதாசியைக் காட்டி வேலை செய்கிறவர் எந்தக் கமராவுக்கு முன்னால் நிற்பார்? அது எனக்கு அப்போது தெரியாது.