மைக் வைத்த காதுகுத்து

எங்கள் அப்பாவின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். "எல்லாம் எழுது தாயீ, அந்தக் காதுகுத்து விசயத்த மட்டும் விட்டுரு. போனவனுக்கு எதுக்கு அசிங்கம்?" என்று பெரியப்பா கேட்டுக்கொண்டார். பெரியப்பா என்னை மன்னிக்க வேண்டும். அதைத்தான் எழுதப்போகிறேன். அதில் அப்பாவுக்கு ஒரு அசிங்கமும் இல்லை.

அப்பா பிறந்தது உடன்குடிப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஊர். கூடப் பிறந்தவர்கள் கடை, வியாபாரம் என்று தலையெடுத்தார்கள். அப்பாவுக்கு முதல் போட ஆள் இல்லை. மீசை முளைக்கும் முன்பே தூத்துக்குடிக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கப்பல் வந்தால் சோறு, வராவிட்டால் கஞ்சி. நிரந்தரத் தொழிலாளி என்றால் பிள்ளைகுட்டிக்கும் வைத்தியம் உண்டு. அப்பா கடைசிவரை காண்ட்ராக்ட் ஆள். அதே கப்பல், அதே யூரியா மூட்டை, வலிக்கிற முதுகும் அதே மாதிரி முதுகுதான். ஆனால் அவர் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் மருந்துக்கடை வாசலில் அவரே நிற்க வேண்டும்.

என் தம்பிக்கு வந்தது காய்ச்சல் இல்லை. தெருவில் நாலு எட்டு ஓடினால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். "சோம்பேறிப் பய" என்று சிரித்தவர்கள் இந்த மலரை வாசித்துக்கொண்டிருப்பவர்களிலும் இருக்கிறார்கள். மதுரையில் காட்டியபோது இதயத்தில் ஓட்டை என்றார்கள். டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஆபரேசன் முடிகிறவரை பிள்ளையை அழவிடக்கூடாது. அழுதால் மூச்சு நின்றுபோகலாம்.

ஆபரேசனுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை செல்லும் என்றதும் அப்பா ஆஸ்பத்திரிக் கவுண்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். அதற்கப்புறம்தான் அட்டை செல்லாத இடங்கள் தெரிய வந்தன. முன்னால் எடுக்க வேண்டிய ஸ்கேனுக்கு அது செல்லாது. பின்னால் மாசக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்துக்குச் செல்லாது. அங்கே தங்கிக் கிடக்கிற நாளெல்லாம் போகிற கூலியை எந்த அட்டையும் தராது. நான் இன்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். "அட்டதான் இருக்குல்லா, பெறகு என்னம்மா?" என்று நம்பிக்கையோடு கேட்கிற தகப்பன்மாரை தினமும் பார்க்கிறேன். அவர்கள் கையில் ஸ்கேன் பில்லைக் கொடுப்பதும் நான்தான்.

அப்பா முதலில் மாமாவிடம் போனார். அம்மாவின் அண்ணன், டவுனில் மளிகைக் கடை. மாமா டீ வாங்கிக் கொடுத்தார். "மாப்ள, சரக்கெல்லாம் கடனுக்குப் போயிருக்கு, இப்பம் கையில ஒண்ணுமில்ல. சாமிய நல்லா கும்பிடுங்க, சரியாப் போவும்" என்றார். பிறகு அப்பா ஏறாத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் டீ கிடைத்தது.

அடுத்த வாரமே சொந்தத்தில் ஒரு சடங்கு வீடு. அங்கே மாமா செய்த மொய்யை மைக்கில் ஒருதரம் வாசித்தார்கள். கூட்டத்துக்குக் கேட்கவில்லை என்று அவரே போய் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். அப்பா பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கேட்டா தரமாட்டானுவ. மைக்குல பேரு வாசிச்சா தருவானுவ. ஏளா, நம்ம பயலுக்கு இன்னும் காது குத்தலல்லா?"

அம்மா கொதித்துப்போனார். "ஒங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? புள்ள மூச்சுக்குத் தவிச்சிக்கிட்டுக் கெடக்கான், இப்பம் பந்தி போடணுமாக்கும்? ஊசியப் பாத்தாலே அழுவானே, என்ன ஆவும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

அப்பா மறக்கவில்லை. ஊரில் காது குத்துகிற ஆசாரி அண்ணாச்சியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அண்ணாச்சி, "பச்சப்புள்ள உசுருக்கு மேலயா சாஸ்தா? கோவிச்சிக்கிட மாட்டாரு. நா பாத்துக்கிடுதேன்" என்றார்.

குலசாமி சாஸ்தா கோயிலில் பந்தல், மைக் செட், கிடாக் கறி. மாமா சீரோடு வந்தார். தங்கக் கம்மல் கொண்டுவந்தார். தாய்மாமன் மடியில் தம்பியை உட்கார வைத்தார்கள். மேளக்காரர்களை நன்றாகத் தட்டச் சொல்லிவிட்டு, அப்பா எதிரே உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி அண்ணாச்சி ஊசியைக் காதருகே கொண்டுபோனார். குத்தவில்லை. குங்குமத்தை ரத்தம்போல ஈரமாகத் தொட்டு வைத்து, முன்கூட்டியே வளைத்து வைத்திருந்த கம்பியால் கம்மலைக் காதில் கவ்வவிட்டார். அந்த விரல் பட்டுக் கூசியதில் தம்பி சிரித்தான். "பயல் அழவே இல்லியே, வீரன்லா!" என்று எல்லாரும் கை தட்டினீர்கள். பிள்ளையை மடியில் வைத்திருந்த மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் வீடியோ எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அப்பா பந்தியில் உட்காரவில்லை. மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, கோயில் கிணற்றடியில் நின்று முகம் கழுவிக்கொண்டே இருந்தார். வெயிலுக்குக் கழுவுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த மொய்யில்தான் தம்பி பிழைத்தான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிற்பாடு அவன் காதில் துளை இல்லாதது யார் கண்ணிலோ பட, நீங்கள் பேசிய பேச்சையும் மறக்கவில்லை. "ஊருக்கே காது குத்திட்டான்" என்றீர்கள். "பிள்ளை சீக்கை வைத்துப் பந்தி போட்டவன்" என்றீர்கள். கல்யாண வீடுகளில் அப்பா நுழையும்போது "காதுகுத்து அண்ணாச்சி வாராரு" என்று சிரித்தீர்கள். அப்பாவும் கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

ஏமாற்றினார் என்கிறீர்களே, அதற்கு முன்னால் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று உண்மையைச் சொன்னாரா இல்லையா? உண்மைக்கு டீ கொடுத்தவர்கள், நாடகத்துக்குப் பணம் கொடுத்தீர்கள். நாள் முழுக்க நாட்டுக்கு மூட்டை தூக்கிய மனுசன், தன் பிள்ளைக்கு மருந்து வாங்க ஊரைக் கூட்டி ஆட்டுக்கறி ஆக்கிப்போட வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட வேண்டியவர் அவர்தானா?

வாங்கிய மொய்யை அப்பா ஒரு வீடு விடாமல் திருப்பிச் செய்தார், வழக்கப்படி கூட்டியும் செய்தார். அதற்காகவே யாரும் போகத் தயங்கிய நிலக்கரிக் கப்பலுக்கும் போனார். இருமல் வந்தபோது, "கப்பல் கெளம்பட்டும், பாத்துக்கிடலாம்" என்றார். ஒரு கப்பல் கிளம்பும், இன்னொன்று வரும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மகள் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடினார். தம்பி முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் உயிர் பிரிந்தது.

நன்றி சொல்ல வேண்டும். மலரை அச்சடித்தவர், யார் யார் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டார். சிலர் தாங்களாகவே போன் செய்து பெயரைச் சொன்னீர்கள். போடவில்லை. மதுரைக்கு வந்து தம்பிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாளே கப்பலுக்குப் போய் மூட்டை தூக்கிய அப்பாவின் கூட்டாளிகளுக்கு நன்றி. அம்மாவும் அப்பாவும் அங்கே கிடந்த நாளெல்லாம் எனக்குத் தலை சீவிச் சோறு போட்ட அடுத்த வீட்டு அத்தைக்கு நன்றி. ஆசாரி அண்ணாச்சிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கால் தொட்டுக் கும்பிடுகிறேன். இவர்கள் பெயரை அன்றைக்கு யாரும் மைக்கில் வாசிக்கவில்லை. இங்கேயும் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இன்று மைக் இல்லை. யார் வீட்டிலாவது பிள்ளைக்கு முடியவில்லை என்றால் பந்தல் போட வேண்டாம், எங்கள் வீட்டுக்கு நேரே வாருங்கள். நானும் தம்பியும் இருக்கிறோம், முடிந்ததைச் செய்வோம்.

எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருப்பவன்தான் தம்பி. இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அவனை நிறுத்திக் காதைத் தொட்டுப் பார்க்கலாம். அப்படியே அவன் நெஞ்சிலும் கொஞ்சம் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.