துவக்குக்கு நான் கொடுத்த நற்சான்று

எழுபத்தேழாம் ஆண்டு தெற்கில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் தப்பிய சனம் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிய பிறகு, எங்கள் ஊரில் எல்லோருக்கும் துவக்கு வேண்டியிருந்தது. அதுவரை துப்பாக்கி அனுமதி கேட்டு வருடத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தாலே பெரிது. அந்த மாதம் என் மேசையில் ஒரு கட்டே கிடந்தது. நான் கிராம சேவகர். ஊர்ச்சனத்தின் வாயில் இன்னும் பழைய பட்டப்படி விதானையார்தான். ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து நான் எழுதினால்தான் அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரும் விண்ணப்பித்திருந்தார். கோயில் தர்மகர்த்தாவையும் சங்கக்கடை மனேச்சரையும் கேட்டேன். "தங்கமான மனுசன்" என்றார்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவியின் உதடு வெடித்து வீங்கியிருந்தது. பார்த்தேன். குடும்ப விஷயம் என்று தலையைக் குனிந்துகொண்டு, "நன்னடத்தை உடையவர்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தக் கை அப்போதே முறிந்து போயிருக்கக் கூடாதா.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா என் கந்தோருக்கு வந்தார்.

"விதானையார், கலவரம் செய்யிற காடையர் ஒருத்தரும் எங்கடை ஊருக்கு வரேல்லை. அவர் அந்தத் துவக்கை என்ரை நெஞ்சுக்கு நேரைதான் நீட்டுறார். ஊரெல்லாம் விசாரிச்சனீங்கள். என்னை ஏன் கேக்கேல்லை?"

அனுமதியை ரத்துச் செய்யும்படி அன்றே எழுதினேன். பொலிஸார் துவக்கை எடுத்துப் போனார்கள்.

"படிவத்திலை பெண்சாதியைக் கேக்கச் சொல்லி இல்லைத்தானே, விடும்" என்று என் மேலதிகாரி சமாதானம் சொன்னார். அதைக் கேட்டு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. வீங்கிய உதட்டைப் பார்த்த பிறகும் எனக்குப் படிவமா சொல்ல வேண்டியிருந்தது?