அத்தான் ஏற்றிய மின்சாரம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் அக்காவைப் புகைக்காரி என்றுதான் சொல்வார்கள். பீடி சிகரெட் சமாசாரம் இல்லை. அவள் திரவ நைட்ரஜன் ஊற்றும்போது இடுப்பு உயரத்துக்கு வெள்ளைப் புகை எழும்பும். அதற்குள் நின்றுகொண்டு ஊரையே திட்டுவாள். கையுறை போடச் சொன்னால், "முப்பது வருஷம் அடுப்புல வெந்த கைடா இது" என்பாள்.

பின்கட்டு அறையில் ஆளுயர ஃபிளாஸ்க் ஒன்று. அதற்குள், அக்கா ஊற்றும் நைட்ரஜனில் குளிர்ந்து கிடக்கும் ஒரு வளையம். ஏதோ புதுப் பொருளாம். நன்றாகக் குளிர்ந்துவிட்டால் மின்சாரத்தைத் துளியும் தடுக்காதாம். ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும், பேட்டரி இல்லாமல் அந்த மின்சாரம் வளையத்துக்குள் தன்பாட்டுக்குச் சுற்றும். காற்றாலைகளில் இதைப் பூட்டினால் வழியில் வீணாகிற மின்சாரம் மிச்சம் என்பார் இன்ஜினியரம்மா. எத்தனை வருடம் தாங்கும் என்று பார்க்கத்தான் அதை விட்டுவைத்திருந்தார்கள். பக்கத்து மர மேசையில் ஒரு திசைகாட்டி. உள்ளே மின்சாரம் ஓடும்வரை முள் வடக்கை மறந்து வளையத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த மின்சாரத்தை ஏற்றியவர் அத்தான். ஏற்றிய நான்காம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலை அக்காவுக்கு வந்தது. தினமும் காலையில் ஊற்றி முடித்ததும் முள்ளிடம் குனிந்து, "என்ன, சுத்துறீங்களா?" என்று கேட்பாள். அதைக் கேட்டால்தான் அவளுக்குப் பொழுதே விடியும். "செத்தும் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறாரு பாரு மனுஷன்" என்று என்னிடம் சிரிப்பாள். 

நான் அங்கே வெல்டர். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஊற்றும் வேலையை என்னிடம் விட்டாள். இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் மறந்தேன். மறுநாள் போனால் ஃபிளாஸ்க் வறண்டு கிடக்கிறது; முள் வடக்கே நிற்கிறது. சூடேறினால் உள்ளே இருந்தது போனதுதான், திரும்பக் குளிரவைத்தாலும் வராது. நைட்ரஜனை நிரப்பிவிட்டு, மேசைக்கு அடியில் ஒரு காந்தத்தை ஒட்டினேன். முள் பழையபடி திரும்பியது. அக்கா குணமாகி வந்து, "சுத்துறீங்களா?" என்றாள். வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

போன மாதம் இன்ஜினியரம்மா வந்து, "புது வளையம் வருது. வெள்ளிக்கிழமை பழசைச் சூடாக்கி எடுத்துடலாம். முள் எப்போ வடக்கே திரும்புதுன்னு குறிச்சுக்கணும்" என்றார். காந்தம் இருக்கும்போது முள் எங்கே திரும்ப? நாலு பேர் முன்னால் அக்காவுக்கு விஷயம் உடைவதைவிட நானே உடைத்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலை அவளோடு கூடவே போனேன்.

"அக்கா, உள்ள அத்தானோடது எதுவும் இல்ல. நான்தான் அன்னிக்கு வறள விட்டுட்டேன். மூணு வருஷமா நீ பேசுறது இதோட" என்று காந்தத்தைப் பிய்த்துக் காட்டினேன்.

அவள் காந்தத்தைப் பார்க்கவே இல்லை. "முள்ளைப் பாருடா."

வடக்கே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. காந்தத்தை வாசலுக்கு ஓடி எறிந்துவிட்டு வந்து மேசையைத் தட்டினேன். முள் நடுங்கியது, மறுபடி வளையத்தையே பார்த்தது.

"நீ மறந்தா அவரும் மறந்துடணுமா என்ன?" என்றாள்.

இன்ஜினியரம்மா வந்ததும் நைட்ரஜனை வடித்துவிட்டு மூடியைத் திறந்துவைத்தோம். புகை மெலிந்து நின்றுபோனது. மதியம் இரண்டேகாலுக்கு முள் உதறிக்கொண்டு வடக்கே போனது. அக்கா ஃபிளாஸ்க் விளிம்பில் கைவைத்து, "சரி, போய்ட்டு வாங்க" என்றாள்.

ஏழு வருடம், இரண்டு மாதம், பதினொரு நாள் தடையில்லாமல் ஓடியது என்று நோட்டில் எழுதிய இன்ஜினியரம்மா, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். பேனாவை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

"போடுடா" என்றாள் அக்கா.

போட்டேன்.