கொயினா டிரசர் ஐயாத்துரை

விழுங்கியதும் பேரைச் சொல்ல வேண்டும். அது மருந்து கொடுக்கும் டிரசர் ஐயாத்துரையின் சட்டம். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பெரட்டில் ஆளெண்ணிக்கைக்கு எல்லாரும் வரிசை கட்டி நிற்க, அவர் வாளியிலிருந்து மலேரியாவுக்கான கொயினாத் தண்ணீரை மொண்டு ஒவ்வொரு வாயிலும் ஊற்றுவார். கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு போய் குடியிருப்பு லயத்துக்குப் பின்னால் துப்புகிறவர்களைப் பிடிக்க அவர் கண்ட வழி. வாயில் மருந்திருந்தால் பேர் வராது.

"பேரு மறந்துபோச்சு டிரசரய்யா, அம்புட்டுக் கசப்பு" என்பான் பிச்சைமுத்து.

"அப்ப இன்னொரு அவுன்ஸ் தாறன். உன்ர பாட்டன்ர பேரும் சேர்த்து நினைவு வரும்."

வரிசை சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் குழந்தைகளை நலம் விசாரிக்கும்போதே அவர் கை அவர்களின் இடது விலாவுக்குக் கீழே போய்விடும், மலேரியாவில் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று. தாய்மார் பிள்ளையை இழுத்துக்கொள்வார்கள். அவர் கவனிப்பதில்லை.

அவர் என் தகப்பனார். சென்ற வருஷம் அம்மா மலேரியாவில் இறந்தாள். டிரசர் வீட்டிலேயே. அன்றிலிருந்து என் தங்கை சாரதாவுக்கும் தினமும் கொயினா. அவளுக்கு எட்டு வயது.

சித்திரையில் அவளுக்குக் காலைத் தலைவலியும் வாந்தியும் தொடங்கின. உடம்பு சுடவில்லை. "காய்ச்சல் உள்ளுக்கை நிக்குது" என்றார். பிறகு நடை தள்ளாடியது.

"அப்பா, லாம்பு ரெண்டாத் தெரியுது."

கொயினா கூடினால் கண் மங்கும், காது இரையும், தலை சுற்றும். அது அவருக்குத் தெரியும். அதனால் அவர் பயப்படவில்லை. "அது மருந்தின்ர வேலை பிள்ளை. பாதியாக் குறைப்பம்." குறைத்துவிட்டு, கண் தெளியும் என்று காத்திருந்தார். கொயினாவை அறியாத ஒருவர் முன்னமே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருப்பார்.

கடைசியில் அவளை ஈப்போவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே அறையில் எனக்கு வேலை. அவள் தலையின் எக்ஸ்-ரே படத் தட்டைக் கழுவியவன் நான். உள்ளழுத்தத்தில் மண்டையோட்டின் பொருத்துகள் விலகியிருந்தன. டாக்டர் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். சிறுமூளையில் கட்டி என்றார். பின்மண்டை எலும்பைத் திறந்து அழுத்தத்தை இறக்கலாம், முடிந்த அளவு கட்டியை எடுக்கலாம். மேசையிலேயே உயிர் போகவும் கூடும். திறக்காமல் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சலாம். கட்டி சுருங்கலாம், அதற்கு முன் வீங்கி மூச்சை நிறுத்தவும் செய்யலாம். சும்மா விட்டால் முதலில் பார்வை போகும்.

தகப்பனார் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வராந்தாவில் என்னைக் கேட்டார்.

"தம்பி, நீ மெசினோடை நிக்கிறவன். கதிர் கட்டியைக் கரைக்குமோ?"

"சிலதைக் கரைக்கும். எந்தக் கட்டியெண்டு திறந்து பார்த்தால்தான் தெரியும்."

"பொய் சொல்லாதை. அவளுக்கு எது?"

"தெரியாது அப்பா."

"அப்ப திறக்கட்டும்" என்றார். நான் டாக்டரின் அறைக்குத் திரும்புமுன் என் சட்டையைப் பிடித்தார். "திறந்தாப் பிறகு மூடேலாமல் போனால்?"

சட்டையை விட்டார்.

மறுநாள் காலை அறுவை. தலை மழிக்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "தோட்டத்திலை எத்தினை மண்டை வழிச்சிருப்பன். என்ர பிள்ளைக்கு நான் செய்யிறன்."

சாரதா கட்டிலில் தலை குனிந்து உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தார். சவரக் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டி, தன் முன்கையில் வைத்து இழுத்தார். மயிர் சுத்தமாக வந்தது. மறுபடி தீட்டினார். மறுபடி இழுத்தார்.

"அப்பா, இன்னும் துவங்கேல்லையோ? கழுத்து நோகுது."

"இந்தா துவங்கிறன் பிள்ளை. கத்திக்குக் கூர் காணாது."

அவர் கையில் முழங்கை வரை மயிர் இல்லை. அவர் மற்றக் கையின் சட்டையை மேலே சுருட்டினார்.