கிறிஸ்தோப்பர் தட்டாமல் விட்ட நாள்

முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திமிங்கிலத்தின் முதுகு தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துடுப்புப் பிடியால் படகின் பலகையில் மூன்று முறை தட்டுவார்கள். ‘நாங்கள் இங்கே நிற்கிறோம், எங்களுக்குக் கீழே வந்து எழும்பாதே’ என்பதுதான் அதன் பொருள். கிறிஸ்தோப்பரின் மைத்துனன் போன படகில் அன்று யாரும் தட்டவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் படகு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் கிறிஸ்தோப்பரின் மனைவி ஜோசப்பின், “சின்னப் படகு இனி வேண்டாம், பெரிய கப்பலுக்குப் போங்கோ” என்று புருஷனைப் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள்.

அவன் போய்ச் சேர்ந்த கப்பல் உல்லாசப் பயணிகளைத் தென்துருவப் பக்கத்துக் கடலுக்குக் கொண்டுபோகிற கப்பல். கொடுத்த வேலை, சின்ன றப்பர் படகு ஓட்டுவது! பனிமலைகளுக்கு நடுவே கப்பல் நின்றதும், பயணிகளைப் பத்துப் பத்துப் பேராக ஏற்றிப்போய் மிருகங்களைக் காட்ட வேண்டும். இதை அவன் ஜோசப்பினுக்கு எழுதவில்லை.

1982 தை மாதம் போன பயணத்தில் ஐந்து நாள் புயல். பயணிகள் வாந்தி எடுத்ததைத் தவிர வேறொன்றும் காணவில்லை. ஆறாம் நாள் காலை வெயில் எறித்தது. படகு இறங்கி அரை மணிக்குள், தொண்ணூறு அடி தள்ளி ஒரு கறுத்த முதுகு எழும்பிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. பயணிகள் கமெராவைத் தூக்கினார்கள். கிறிஸ்தோப்பர் துடுப்பைத் தூக்கினான். படகின் அடிப்பலகையில் டக், டக், டக்.

திமிங்கிலம் வாலைக் காட்டிவிட்டு அமிழ்ந்தது. பிறகு வரவேயில்லை.

ஒரு கிழவர் தன் கமெராவுக்கு மெல்ல மூடியைப் போட்டார். மிருகங்களைப் பற்றி விளக்கம் சொல்லும் எலின் என்ற நோர்வேக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. பின்னேரம் கப்டனிடம் முறையிடப் போவதாகச் சொன்னாள்.

கப்பல் குசினியில் தங்கராசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முல்லைத்தீவுக்குப் பக்கத்துப் புதுக்குடியிருப்பு ஆள். கிறிஸ்தோப்பருக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

“என்னடாப்பா, உலகம் சுத்திப் பாக்க வந்த சனத்துக்கு முன்னாலை, கோழியைக் கலைக்கிற மாதிரிக் கலைச்சுப் போட்டியாம்?”

“கலைக்கேல்லை அண்ணை. அடியிலை வராதை எண்டு தட்டினனான்.”

“இந்த ஊர்த் திமிங்கிலத்துக்கு முல்லைத்தீவுப் பழக்கம் தெரியுமோடா?”

கிறிஸ்தோப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. “அடுத்த துறைமுகத்திலை இறக்கிவிடுவினமோ?”

தங்கராசா கத்தியை வைத்தார். “இறக்கினால் உன்ரை கப்பல் புத்தகத்திலை எழுதித்தான் இறக்குவினம். பிறகு ஒரு கப்பலும் உன்னை எடாது. வாயைப் பொத்திக்கொண்டு ‘சொறி’ எண்டு மன்னிப்புக் கேள். சாப்பிட்டனியோ?”

“பசிக்கேல்லை.”

மத்தியானம் மற்றப் படகோட்டிக்குக் கையில் வெட்டுப்பட்டது. வேறு ஆள் இல்லாததால் கிறிஸ்தோப்பரையே திரும்பவும் அதே பயணிகளோடு அனுப்பினார்கள். எலின் துடுப்பைத் தன் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டாள். அதைத் தொடவே கூடாது என்றாள்.

கரைப் பாறைகளில் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற சனம் போலப் பென்குயின்கள் கூடி நின்றன. அவற்றின் எச்சம் நாறியது. பயணிகள் மூக்கைப் பொத்தினார்கள். கருவாட்டு வாடியில் வளர்ந்தவனுக்கு மட்டும் அது பழகிய மணம். மிதந்த பனிக்கட்டியொன்றில் கடல்நாய் ஒன்று வயிறு தெரியப் படுத்திருந்தது. கிழவர் மூடியைக் கழற்றினார்.

அப்போது வந்தது. இந்த முறை தள்ளி அல்ல, நேரே படகை நோக்கி.

கிறிஸ்தோப்பர் இயந்திரத்தை நிறுத்தினான். இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்தான். தட்டினால் வேலை போய்விடும். தட்டாவிட்டால்? மைத்துனனின் முகம் வந்தது. ‘அந்தோனியாரே’ என்றான், உதடு அசையாமல். பச்சைத் தண்ணீருக்குள், படகின் நீளத்துக்குத் திமிங்கிலத்தின் வெள்ளைப் பக்கச் செட்டை அவர்களுக்குக் கீழே மெதுவாகப் போயிற்று. போய்க்கொண்டேயிருந்தது. படகு பிள்ளை படுத்த ஏணைபோல ஒருமுறை ஆடியது, அவ்வளவுதான். மற்றப் பக்கத்தில் தலை எழும்பியது. மூச்சுத் தூவானம் எல்லோர் முகத்திலும் விழுந்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு கண் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது.

கிழவர் படம் எடுக்க மறந்து, அழுதுகொண்டே சிரித்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள்.

கிறிஸ்தோப்பர் மரத்துப்போன கைகளை வெளியே எடுத்தான். அப்போதுதான் எலினைக் கண்டான். துடுப்பு அவள் கையில் இருந்தது. பிடி கீழே, பலகைக்கு ஒரு சாண் மேலே, தட்டுவதற்கு ஆயத்தமாக.

அவளும் அவன் பார்ப்பதைக் கண்டாள். துடுப்பைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, கப்டனிடம் தான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்றாள். நீயும் சொல்லிவிடாதே என்றாள்.

குசினிக்குள் அவன் வந்தபோது தங்கராசா வாசலிலேயே நின்றார்.

“என்னவாம்? இறக்குவினமோ?”

“இல்லை அண்ணை. நாளைக்கும் படகிலைதான். சோறு கிடக்கோ?”

அவர் கோப்பை நிறையச் சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தார். அது முடிய இன்னொன்றும் போட்டார்.

“திரும்பவும் வந்ததாமே. தட்டினியோடா?”

“நான் தட்டேல்லை.”

“அப்ப ஆர் தட்டினது?”

கிறிஸ்தோப்பர் ஒரு பெரிய கவளத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டான்.